ஒவ்வொன்றும் அளவில், சேர்த்தால் இறுக்கம்: பேரிங் ஹவுசிங் எங்கே பிசகுகிறது

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் உமி இழுக்கும் புளோயரின் பேரிங் ஹவுசிங் உடைந்துவிட்டது. பழையதை மாதிரியாக வைத்துப் புதிதாக வார்த்திருக்கிறார்கள். பாடியை ஒரு லேத் பட்டறையிலும், இரண்டு பக்கக் கவர்களைப் பேட்டையில் வேறொரு பட்டறையிலும் கடைந்து வாங்கியிருக்கிறார்கள். ஷாஃப்ட் 40 மி.மீ., இரண்டு பக்கமும் 6308 பேரிங். ஒவ்வொரு பாகத்தையும் வரைபடத்தோடு ஒப்பிட்டு அளந்தாயிற்று, எல்லாம் டாலரன்ஸுக்குள், அதாவது அனுமதித்த ஏற்ற இறக்கத்துக்குள். போல்ட்டைக் கையால் மாட்டிவிட்டுச் சுற்றினால் ஷாஃப்ட் லேசாகச் சுற்றுகிறது. ஸ்பேனர் போட்டு இறுக்கினால் கைக்கு அசைய மறுக்கிறது. அப்படியே ஓட்டினால் இரண்டு மாதத்தில் பேரிங் சூடேறிப் போய்விடுகிறது. “டாலரன்ஸை இன்னும் சுருக்கி, எச்7க்குப் பதிலாக எச்6 கேட்கலாமா?” என்பது கேள்வி (எச்7, எச்6 என்பவை துளை டாலரன்ஸின் வகுப்புகள், எண் குறைந்தால் வரம்பு சுருங்கும்).

வேண்டாம் அண்ணாச்சி. எச்6 கேட்டால் கூலி ஏறும், இறுக்கம் அப்படியே இருக்கும். நீங்கள் சுருக்கப் பார்ப்பது விட்டத்தின் டாலரன்ஸை. உங்கள் பிசகு விட்டத்தில் இல்லை. இந்தப் பக்கப் போரின் (கடைந்த துளையின்) மையத்துக்கும் அந்தப் பக்கப் போரின் மையத்துக்கும் உள்ள உறவிலும், கவர் முகத்துக்கும் அந்த மையக்கோட்டுக்கும் உள்ள உறவிலும் இருக்கிறது. மைக்ரோமீட்டர் இந்த உறவை அளக்கவே அளக்காது. தனித்தனியாக ஒவ்வொரு பாகமும் “பாஸ்” ஆகி, சேர்த்தவுடன் எல்லாமாக “ஃபெயில்” ஆவது இதனால்தான்.

முதலில் எண்களைப் பார்ப்போம், அப்போதுதான் சண்டை எங்கே என்று தெரியும். 6308 பேரிங்கின் உள்விட்டம் 40, வெளிவிட்டம் 90, அகலம் 23 மி.மீ. சாதாரண வகுப்பு பேரிங்கில் உள்விட்டம் 40க்கு மேலே போகாது, கீழே 12 மைக்ரான்வரை (ஒரு மைக்ரான் 0.001 மி.மீ.) இறங்கலாம். வெளிவிட்டம் 90க்கு மேலே போகாது, 15 மைக்ரான்வரை இறங்கலாம். ஐ.எஸ்.ஓ. 286, நம் ஐ.எஸ். 919 இரண்டிலும் 90 எச்7 என்றால் 0 முதல் +35 மைக்ரான். ஆகவே வெளி வளையத்துக்கும் போருக்கும் இடையே 0 முதல் 50 மைக்ரான் இடைவெளி இருக்கும். சுமை ஒரே திசையில் நின்று, உள்வளையம் சுற்றுகிற இந்த மாதிரி வேலைக்கு எச்7 சரியான தேர்வு. வெளி வளையம் நகர்ந்து கொடுக்க வேண்டும், அதற்கு அது வழி விடுகிறது.

ஷாஃப்ட் பக்கம் 40 கே6 என்றால் +2 முதல் +18. பேரிங்கின் 0 முதல் −12ஐச் சேர்த்தால் 2 முதல் 30 மைக்ரான் இறுக்கம். இந்த இறுக்கத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு உள்வளையத்தை விரித்து, பந்துக்கும் ஓடுபாதைக்கும் இடையில் உள்ள கிளியரன்ஸைத் தின்னும். 40 மி.மீ. பேரிங்கில் சாதாரண கிளியரன்ஸ் 6 முதல் 20 மைக்ரான்தான். நடுத்தரமாக 16 மைக்ரான் இறுக்கம் வந்தால் 12 போய்விடும். நடுத்தரமான 13இல் மிச்சம் 1. ஷாஃப்ட் மேல் எல்லையில் வந்தால் மிச்சமே இல்லை, கழித்தலில் நிற்கும். உங்கள் ஷாஃப்ட் “டாலரன்ஸுக்குள்” என்றீர்களே, எந்த முனையில் என்று பாருங்கள். +17இல் இருந்தால் அது பாஸ்தான், ஆனால் பேரிங்குக்கு மூச்சுவிட இடமில்லை. இதற்கு மருந்து எளிது: ஷாஃப்ட்டைக் கே5க்கு (+2 முதல் +13) சொல்லுங்கள், பேரிங்கைச் சி3 வகையில் வாங்குங்கள். சி3யில் கிளியரன்ஸ் 15 முதல் 33 மைக்ரான். சி3 என்பது பேரிங் கடையில் கேட்டு வாங்குகிற சமாசாரம், அதற்குக் கடைசல் கூலி ஒரு ரூபாய்கூட ஏறாது.

கிளியரன்ஸ் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், 6308 போன்ற டீப் குரூவ் பேரிங் எவ்வளவு சாய்வைத் தாங்கும் என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. இந்த வகை பேரிங் 2 முதல் 10 நிமிடக் கோணம்வரை சாய்வைப் பொறுக்கும். கிளியரன்ஸ் தாராளமாக இருந்தால் மேல் எண், இறுகிக் கிடந்தால் கீழ் எண். ஒரு நிமிடம் என்பது 100 மி.மீ.க்கு 0.029 மி.மீ. ஆகவே கிளியரன்ஸ் செத்த பேரிங்குக்கு 100 மி.மீ.க்கு 0.06 சாய்ந்தாலே எல்லை முடிந்தது.

இப்போது உங்கள் ஹவுசிங்கில் சாய்வு எங்கிருந்து வருகிறது என்று கூட்டிப் பாருங்கள். கவரின் ஸ்பிகாட், அதாவது பாடிக்குள் நுழையும் உருளை விளிம்பு, 150 மி.மீ. விட்டம், பாடியின் போரில் போய் உட்காருகிறது. பழைய மாதிரியைப் பார்த்துச் செய்த இடங்களில் இது பெரும்பாலும் எச்8/எஃப்7 அளவில் தளர்வாக விடப்படும்: 150 எச்8 என்றால் 0 முதல் +63, எஃப்7 என்றால் −43 முதல் −83. அதிகபட்ச இடைவெளி 146 மைக்ரான், அதாவது கவர் மையத்திலிருந்து 0.073 மி.மீ. எந்தப் பக்கமும் நகரலாம். கவரில் ஸ்பிகாட்டை ஒரு பிடிப்பிலும் பேரிங் போரை இன்னொரு பிடிப்பிலும் கடைந்திருந்தால், லேத்தில் வேலையைப் பிடிக்கும் மூன்று ஜா சக்கின் பழக்கத்துக்கு 0.05 மையம் தள்ளுவது சாதாரணம். பாடியைத் திருப்பிப் பிடித்து மறுபக்கம் கடைந்ததில் இன்னொரு 0.05. ஆக, ஒரு கவருக்கு 0.123, எதிர்க் கவருக்கு எதிர்த்திசையில் 0.123, பாடிக்கு 0.05: மொத்தம் 0.296 மி.மீ. பேரிங்குகளுக்கிடையே தூரம் 320 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 100க்கு 0.09, அதாவது 3 நிமிடத்துக்கு மேல். இதற்கு மேல் 200 மி.மீ. ஃபிளேஞ்ச் (போல்ட் போடும் விளிம்புத் தட்டு) முகம் 0.1 சாய்ந்திருந்தால் இன்னொரு 1.7 நிமிடம். எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் 5 நிமிடம். இவற்றில் எந்த ஒரு எண்ணும் உங்கள் வரைபடத்தில் இல்லை, ஏனென்றால் வரைபடத்தில் விட்டங்கள் மட்டும் இருக்கின்றன. மையமொத்த தன்மையும் முகச் செங்குத்தும் யாரும் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவில்லை.

எல்லாப் பிழையும் எப்போதும் ஒரே பக்கம் சேராது என்பது உண்மை. நூற்றுக்கணக்கில் செய்கிற தொழிற்சாலை, பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்து நிம்மதியாக இருக்கலாம். ±0.05 உள்ள ஐந்து அளவுகளை நேராகக் கூட்டினால் ±0.25, வர்க்க முறையில் ±0.11. ஆயிரத்தில் மூன்று திரும்பி வந்தால் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் செய்வது ஒன்றே ஒன்று. அந்த ஒன்று எந்தப் பக்கம் விழும் என்று கணக்கு சொல்லாது. ஒற்றை வேலைக்கு நேராகக் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

கழற்றுவதற்கு முன் குறையைக் கண்டுபிடித்துவிடலாம். போல்ட் தளர்ந்திருக்கும்போது லேசு, இறுக்கினால் இறுக்கம் என்றால் காரணம் இரண்டில் ஒன்று: கவர் முகம் சாய்ந்து பேரிங்கைக் கோணலாக்குகிறது, அல்லது இரண்டு கவரும் சேர்ந்து வெளி வளையங்களை உள்நோக்கி நெருக்குகின்றன. இரண்டையும் பிரிக்க ஒரு காகிதம் போதும். ஒரு கவரைக் கழற்றி, ஃபிளேஞ்சுக்கு அடியில் 0.3 அல்லது 0.5 மி.மீ. கேஸ்கட் காகிதத்தை முழு வட்டமாக வெட்டிப் போட்டு, திரும்ப அதே அளவு இறுக்குங்கள். ஷாஃப்ட் விடுபட்டால் நெருக்கல்தான். விடுபடாவிட்டால் சாய்வு அல்லது மையப் பிசகு. இரண்டாவது சோதனை: கவரை 180 டிகிரி திருப்பி மாட்டுங்கள் (ஆறு போல்ட் வட்டத்தில் மூன்று துளை தள்ளி). இறுக்கத்தின் அளவு மாறினால் அந்தக் கவர் கோணல் அல்லது மையம் தள்ளியது. இரண்டு கவரையும் தனித்தனியாகத் திருப்பியும் எதுவும் மாறவில்லை என்றால் பாடியைச் சந்தேகப்படுங்கள்.

பழைய பேரிங்கைக் குப்பையில் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் வெளி வளையத்தை அறுத்து உள்ளே பாருங்கள். அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. ஓடுபாதை ஒரு பக்கத்து விளிம்பிலிருந்து எதிர்ப்பக்கத்து விளிம்பை நோக்கிச் சாய்ந்து போயிருந்தால் வெளி வளையம் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. பாதை நேராக, ஆனால் முழு வட்டமும் கவர் பக்கமாக ஒதுங்கி, இரண்டு பேரிங்கிலும் அப்படியே இருந்தால் அச்சு நெருக்கல். நடுவிலேயே, ஆனால் வெளி வளையத்தின் முழுச் சுற்றுக்கும் பாதை இருந்தால் கிளியரன்ஸ் இல்லாமல் ஓடியிருக்கிறது. ஷாஃப்ட்டில் பேரிங்கின் இறுக்கம் அதிகம். எதிரெதிரே இரண்டு இடத்தில் மட்டும் அழுத்தமாக இருந்தால் போர் முட்டை வடிவம். நல்ல பேரிங்கில் வெளி வளையத்தின் பாதை நடுவில், சுமை தாங்கும் பக்கத்து வளைவில் மட்டும் இருக்கும்.

நெருக்கல் என்றால், நீள அளவுகளைக் கூட்டிப் பாருங்கள். பாடி நீளம் 320 ±0.1. ஃபிளேஞ்ச் முகத்திலிருந்து பேரிங் முட்டும் சுவர்வரை கவருக்கு 30 ±0.05, இரண்டுக்கும் 60. ஆக, சுவருக்குச் சுவர் 380. ஷாஃப்ட்டில் பேரிங் முட்டும் ஸ்டெப்புக்கு ஸ்டெப் 334 ±0.1, இரண்டு பேரிங் அகலம் 46. அதுவும் 380. பூஜ்யம் இடைவெளி! பழைய ஹவுசிங்கை அளந்து முழு எண்ணாக்கி எழுதியவர் கையில் இப்படித்தான் முடியும். டாலரன்ஸ்களைக் கூட்டினால் ±0.3, பேரிங் அகலம் ஒவ்வொன்றும் 0.12 குறையலாம் என்பதால் தளர்வுப் பக்கம் இன்னும் 0.24 கூடும். ஆக, −0.3 நெருக்கல் முதல் +0.54 தளர்வுவரை எதுவும் வரலாம், எல்லாப் பாகமும் பாஸ். இதற்கு மேல் ஓடும்போது ஷாஃப்ட் ஹவுசிங்கைவிட 30 டிகிரி அதிகம் சூடேறினால் 334 மி.மீ. எஃகு 0.115 மி.மீ. நீளும். அந்த நீட்சிக்கும் இடம் வேண்டும்.

ஆகவே ஷாஃப்ட் ஸ்டெப்பை 333.5க்குக் கடையச் சொல்லுங்கள். அப்போது மோசமான கூட்டலிலும் 0.2 இடைவெளி இருக்கும். பிறகு, புளோயர் விசிறி இருக்கும் பக்கத்துப் பேரிங்கின் வெளி வளையத்தை ஸ்டெப்புக்கும் மூடிக்கும் இடையே பிடித்துவிடுங்கள், விசிறிக்கும் காற்று நுழையும் முகக் கூம்புக்கும் உள்ள இடைவெளி மாறாமல் இருக்கும். புல்லி பக்கத்துப் பேரிங் தன் போரில் வழுக்கிப் போகட்டும். இரண்டு பக்கமும் பூட்டுகிற பழக்கம் பலமாகச் செய்வதாக நினைத்துச் செய்வது. அது பேரிங்கைக் கழுத்தைப் பிடித்து நெரிப்பது.

சாய்வு என்றால் கடைசல் முறையை மாற்ற வேண்டும். இங்கேதான் வேலையின் முழு ரகசியமும் இருக்கிறது: ஒன்றோடொன்று உறவு வேண்டிய முகங்களை ஒரே பிடிப்பில் கடைந்துவிட்டால், லேத் எவ்வளவு பழையதாக இருந்தாலும் அந்த உறவு தானாக வந்துவிடும். உங்கள் கவரைப் பாருங்கள். ஸ்பிகாட், ஃபிளேஞ்சின் உள்முகம், பேரிங் போர் மூன்றும் ஒரே பக்கத்தில் திறந்திருக்கின்றன. கவரின் வெளிப்பக்கத்தைச் சக்கில் பிடித்து, இந்த மூன்றையும் அவிழ்க்காமல் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். அப்படிச் செய்தால் மையமும் செங்குத்தும் லேத் ஸ்பிண்டில் பேரிங்கின் துல்லியத்துக்கு வந்துவிடும், சாதாரணமாக 0.01க்குள். நடுவில் டீ குடிக்கப் போகும்போது கழற்றி மாட்டினால் முடிந்தது கதை.

பாடிக்கு இரண்டு முனையும் வேண்டும் என்பதால் ஒரு முறை திருப்பியே ஆக வேண்டும். திருப்புகிற விதத்தில்தான் புத்தி. முதல் பக்கத்தின் முகத்தையும் போரையும் முடித்த பிறகு, லேத்தின் ஃபேஸ்பிளேட்டில் (வேலையைக் கட்டும் தட்டில்) ஒரு துண்டு இரும்பைக் கட்டி, அந்த இடத்திலேயே அதைக் கடைந்து ஒரு முனையாக்குங்கள், முடித்த போருக்கு உள்ளே தடவித் தள்ளினால் போகிற அளவுக்கு. அந்த முனை லேத்திலேயே கடையப்பட்டதால் அதற்கு ரன்அவுட் (சுற்றும்போது மையம் ஆடுவது) என்பதே கிடையாது. முடித்த முகம் அதன் தோளில் ஒட்டி உட்காரும்படி பாடியை மாட்டி, அச்சுத்திசையில் கிளாம்ப் போட்டு, மறுபக்கத்தைக் கடையுங்கள். அந்த முனையைக் கழற்றி எடுத்து வைத்து “அடுத்த தடவைக்கு” என்று பாதுகாக்காதீர்கள். கழற்றிய நிமிடம் அதன் மதிப்பு போய்விட்டது. ஹாரிசான்டல் போரிங் மெஷின் இருக்கிற பட்டறையில் பாடியைக் கட்டிவிட்டு இரண்டு போரையும் ஒரே பாரில் எடுத்துவிடலாம்; கிடைத்தால் அதுவே மேல்.

ஸ்பிகாட்டை எச்7/எச்6 (H7/h6) பொருத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். 150க்கு போர் 0 முதல் +40, ஸ்பிகாட் 0 முதல் −25. அதிகபட்சம் 65 மைக்ரான் இடைவெளி, மையத்திலிருந்து 0.033 மட்டும். முதலில் வேண்டாம் என்று சொன்ன இறுக்கமான டாலரன்ஸ் இங்கே வேண்டும். போல்ட் இந்த வேலையைச் செய்யாது. எம்10 போல்ட்டுக்கு 11 மி.மீ. துளை போடுகிறோம், ஒரு மில்லிமீட்டர் விளையாட்டு. போல்ட் பிடிக்கும், இடம் காட்டாது. இடம் காட்ட ஸ்பிகாட் அல்லது டவல் (துளையில் இறுக்கமாக நுழையும் முளை) வேண்டும்.

ஸ்பிகாட்டைச் சரியாகக் கடைய வழியில்லாமல் டவலுக்குப் போகிறவர்களுக்கு: ஹவுசிங்கைச் சேர்த்து, பேரிங் இல்லாமல், இரண்டு போரிலும் நெருக்கமாக நுழைகிற கிரைண்ட் செய்த ஒரு போலி ஷாஃப்ட்டைச் செருகுங்கள். அது கையால் சுற்றும் நிலையில் போல்ட்டை எதிரெதிராக இறுக்கி, சுற்றிப் பார்த்து, பிறகு கவரையும் பாடியையும் சேர்த்தே துளையிட்டு ரீமர் போடுங்கள். கவருக்கு இரண்டு டவல் போதும், எதிரெதிர் மூலையில், முடிந்த அளவு தூரத்தில். மூன்றாவது போட்டால் முதல் இரண்டோடு சண்டை போடும். எம்6 (m6) டாலரன்ஸில் கடினப்படுத்திய டவல் முளையும் எச்7 துளையும் வழக்கமான ஜோடி. கவரிலும் பாடியிலும் நம்பர் பஞ்ச் அடித்துவிடுங்கள். அடுத்த தடவை பிரிக்கிறவர் இடம் மாற்றி மாட்டினால் பழைய கதை திரும்பும்.

எந்தப் பாகத்தையும் எதோடும் மாற்றிப் போடலாம் என்கிற முறையே துப்பாக்கிப் பட்டறைகளில்தான் வேர்விட்டது. 1785இல் பிரான்சில் ஒனோரே பிளாங்க் என்ற துப்பாக்கித் தொழிலாளர் துப்பாக்கிப் பூட்டுகளின் பாகங்களைக் கலந்து போட்டு, கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டிக் காட்டினார். அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் அதைப் பார்த்து வியந்து ஊருக்கு எழுதினார். படைக்கு அது வேண்டும். ஒரே ஒரு புளோயர் ஹவுசிங்குக்கு அது தேவையில்லாத செலவு. ஒன்றுக்கொன்று ஜோடி சேர்த்துக் கடைவதுதான் இங்கே மலிவும் துல்லியமும். பாடியும் கவரும் இரண்டு பட்டறைக்குப் போனதே முதல் தவறு என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இனி, “அளந்தாயிற்று” என்றீர்களே, அந்த அளவை எவ்வளவு நம்பலாம் என்பது. 35 மைக்ரான் டாலரன்ஸை 20 மைக்ரான் படிக்கிற வெர்னியரால் தீர்மானிக்க முடியாது. அளக்கும் கருவியின் பிழை டாலரன்ஸில் பத்தில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது என்பது பழைய விதி. போர் கேஜும், அதை பூஜ்யம் செய்ய ரிங் கேஜும் (அளவு தெரிந்த வளையம்) வேண்டும். ரிங் கேஜ் இல்லாமல் மைக்ரோமீட்டரில் வைத்து பூஜ்யம் செய்தால் மைக்ரோமீட்டரின் பிழையும் சேர்ந்துவிடும்.

அதைவிடப் பெரிய ஏமாற்று மூன்று ஜா சக். மெல்லிய சுவர்க் கவரை மூன்று ஜாவில் இறுக்கிப் பிடித்தால் கவர் மூன்று இடத்தில் அமுங்கும். அந்த நிலையில் போர் சுத்த வட்டமாகக் கடையப்படும். சக்கைத் தளர்த்தியதும் அமுங்கிய இடம் வெளியே வந்து, போர் மும்மூலை ஆகிவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு புள்ளி அளவு எந்தத் திசையில் வைத்தாலும் ஒரே எண்ணைக் காட்டும், ஏனென்றால் ஒரு மேடு எதிரே ஒரு பள்ளம். வெர்னியர், மைக்ரோமீட்டர், சாதாரண போர் கேஜ் எதிலும் இது தெரியாது. மூன்று புள்ளி இன்சைடு மைக்ரோமீட்டரில்தான் தெரியும். அது இல்லாவிட்டால் பேரிங்கின் வெளி வளையத்தில் மெல்லியதாகப் புளூ (ஒட்டும் இடத்தைக் காட்டும் நீல மை) தடவி, போரில் தள்ளி எடுத்துப் பாருங்கள். மூன்று பட்டையாக ஒட்டியிருந்தால் சக் வேலைதான். தவிர்க்க வழி: கடைசி 0.2 மி.மீ. இருக்கும்போது சக்கைத் தளர்த்தி, லேசாக இறுக்கி, டயல் கேஜ் வைத்து மையம் பார்த்து, மெல்லிய வெட்டில் முடிப்பது. தளர்த்தும் முன் ஸ்பிகாட், முகம், போர் மூன்றிலும் ஒரே அளவு மிச்சம் விட்டிருந்தால்தான் இந்தத் தளர்த்தல் ஒற்றைப் பிடிப்பின் பலனைக் கெடுக்காது.

வெயிலையும் மறக்காதீர்கள். அளவுகளெல்லாம் 20 டிகிரிக்கு எழுதப்பட்டவை. மே மாதத்துப் பேட்டையில் 20 டிகிரி என்பதை நினைத்தால் சிரிப்புதான் வரும். ஆனாலும் வார்ப்பும் கருவியும் ஒரே சூட்டில் இருந்தால் இரும்புக்கு இரும்பு ஈடாகிவிடும், பெரிய பிசகு வராது. ஆபத்து, கடைந்து முடித்த கையோடு அளப்பதில். கரடு வெட்டில் சூடேறிய வார்ப்பு கருவியைவிட 25 டிகிரி அதிகம் இருந்தால் 90 மி.மீ. போர் 24 மைக்ரான் பெரிதாகக் காட்டும். +20 என்று எழுதிக் கொடுத்த போர், மாலையில் ஆறியதும் −4 ஆகி பேரிங்கைப் பிடித்துக்கொள்ளும். கரடு வெட்டு முடிந்தபின் ஒரு இரவு கிடக்கவிட்டு மறுநாள் காலையில் முடிப்பது வார்ப்புக்கும் நல்லது. உள்ளே இருக்கும் இழுவிசையில் கொஞ்சம் அப்போதே வெளியே வரும். புது வார்ப்பில் இழுவிசை அதிகம். அவசரமில்லாத வேலையென்றால் 2 அல்லது 3 மி.மீ. மிச்சம் வைத்துக் கரடாகக் கடைந்து, 550 டிகிரி அளவில் அடுப்பில் வைத்து அடுப்போடேயே ஆறவிட்டுப் பிறகு முடியுங்கள். முடித்த பாடியில் கால் பிளேட்டை வெல்டிங் வைக்கவே கூடாது. போர் நிச்சயம் வடிவம் கெடும்.

ஒரு கெட்ட பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். போர் லூஸாகிப் போனால் உள்ளே வரிசையாகப் பஞ்ச் குத்தி மேடாக்கி பேரிங்கைத் தட்டி ஏற்றுவார்கள். அந்த மேடுகள் ஊசிமுனைகள். ஒரு வாரத்தில் நசுங்கிவிடும், அதுவரைக்கும் பேரிங் மையத்தில் இருக்காது, வளையம் வட்டமாகவும் இருக்காது. பெப்சி டப்பாவை வெட்டிச் சுற்றுகிற வைத்தியமும் அதே ரகம். போரைப் பெரிதாக்கி வார்ப்பிரும்பு புஷ் (உள் உறை) அடித்து, அடித்த பிறகு இடத்திலேயே கடைவதுதான் முறை.

எல்லாம் சரியான பிறகு மாட்டும்போது: ஃபிளேஞ்ச் முகத்தில் பெயின்ட் இருக்கக்கூடாது, துளை விளிம்புகளில் பிசிறு இருக்கக்கூடாது. 0.05 பிசிறு ஒன்று, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய செங்குத்தை அழித்துவிடும். பேரிங்கை எண்ணெயிலோ ஹீட்டரிலோ 80 முதல் 100 டிகிரிக்குச் சூடாக்கி ஏற்றுங்கள். 120ஐத் தாண்டவிடாதீர்கள், கேஸ் விளக்கை நேராகக் காட்டாதீர்கள். வெளி வளையத்தில் தட்டி உள்வளையத்தை ஏற்றினால் புது பேரிங்கிலேயே பந்துத் தழும்பு விழும். கிரீஸ் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதிகமானால் பாதி. திணித்து நிரப்பினால் அதுவே சூடு.

ஹவுசிங்கை அடித்தளத்தில் வைத்து இறுக்கும்போது ஒரு காலின் போல்ட்டை மட்டும் தளர்த்தி, அங்கே டயலை வையுங்கள். முள் 0.05க்கு மேல் நகர்ந்தால் அந்தக் கால் தரையில் உட்காரவில்லை; அந்த அளவுக்கு ஷிம் (மெல்லிய தகடு) கொடுங்கள், மூன்று நான்கு துண்டுக்கு மேல் அடுக்காதீர்கள். இல்லையென்றால் நேராகக் கடைந்த பாடியை நீங்களே போல்ட்டால் முறுக்கிவிடுவீர்கள். பெல்ட் புல்லியை நூல் பிடித்துப் பாருங்கள்: வி பெல்ட்டுக்கு அரை டிகிரி, அதாவது மீட்டருக்கு 9 மி.மீ.வரை விடுவார்கள், 5க்குள் வைத்தால் பெல்ட்டும் நிலைக்கும். நேரடிக் கப்ளிங்காக மாற்றும் எண்ணம் இருந்தால் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: விளிம்பில் டயல் காட்டும் முழு வீச்சு, மையப் பிசகைப்போல் இரண்டு மடங்கு. 0.10 காட்டினால் பிசகு 0.05, நிமிடத்துக்கு 1440 சுற்றுக்கு அது போதும். 0.10ஐப் பார்த்துப் பயந்து நாள் முழுக்க ஷிம் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

ஓடவிட்டு முதல் இரண்டு மூன்று மணி நேரம் சூடு ஏறும், கிரீஸ் பரவும்வரை. பிறகு இறங்கி நிற்க வேண்டும். நம் ஊர் வெயிலில் ஹவுசிங்கின் மேல் 70 டிகிரிவரை நின்றால் விட்டுவிடுங்கள். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் நிறுத்தி, ஆறியதும் முதலில் செய்த காகிதச் சோதனையைப் புல்லி பக்கத்துக் கவரில் திரும்பச் செய்யுங்கள்.